நடைப்பொறியில் சலிப்பின்றி நடப்பது எப்படி?

நடைப்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தவுடன், புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு விடைகளே வருகின்றன. ஒன்று, “எங்கள் ஊரில் வெளியே நடக்க வசதியில்லை” என்பது. மற்றொன்று, “வீட்டில் டிரெட்மில் வாங்கிப் போட்டிருக்கிறோம், ஆனால் யாரும் ஏறுவதில்லை” என்பது.

இரண்டும் மெய்யே. அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் வட்டாரங்களில் பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணி வெயிலே சுள்ளென்று அடிக்கிறது. நிழல் தரும் மரங்கள் குறைவு. நெடுஞ்சாலை ஓரத்தில் விடியற்காலை இருட்டில் நடப்பது ஆபத்து. ஊருக்குள் நடந்தால் நாய்த் தொல்லை. கரிசல் பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு அந்த முள் தைத்ததே தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். இத்தகையோருக்கு வீட்டுக்குள் இருக்கும் டிரெட்மில், அதாவது நடைப்பொறி, நல்ல துணையாக முடியும்.

ஆனால் வாங்கியவர் பலரின் வீட்டில் அது மூன்றாம் மாதத்தில் துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது. சோம்பலே இதற்குக் காரணம் என்று குடும்பத்தார் கருதுகின்றனர். மருத்துவர் பார்வையில் காரணங்கள் வேறு: முதல் நாளே மிகுந்த வேகம், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம், நாள்தோறும் ஒரே வேகத்தில் ஒரே சுவரைப் பார்த்து நடக்கும் சலிப்பு. இம்மூன்றையும் நீக்க வழியுண்டு. அவ்வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடையும் ஒரு மருந்தே

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நம் நோயாளிகள் அறிந்திருப்பது நலம். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். உணவுக் கட்டுப்பாடும், நாளுக்கு அரைமணி நேர விரைவு நடை போன்ற உடலுழைப்பும் அறிவுறுத்தப்பட்ட பிரிவினருக்கு, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய உடல் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதும் கருதத்தக்கது. எடை இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்துவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். தராசு முள் அசையாதபோதும் தசைகள் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் திறனைப் பெறுகின்றன. இரத்த அழுத்தம் தணிகிறது. இதயம் குறைந்த முயற்சியில் நிறைந்த வேலை செய்யப் பழகுகிறது.

“நாள் முழுவதும் மில்லில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன், அது போதாதா?” என்று நூற்பாலைத் தொழிலாளர் சிலர் கேட்பதுண்டு. நிற்பது வேறு, விரைந்து நடப்பது வேறு. இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. இதயத்துக்கு வேண்டியது மூச்சைச் சற்று விரைவாக்கும் இயக்கம். வெறுமனே நிற்கும்போது கால் வலிக்கும், மூச்சு விரைவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் 150 நிமிடம் நிறைவுறும்.

மருத்துவமனையில் கண்ட பொறி வேறு, வீட்டுப் பொறி வேறு

நம் நோயாளிகள் பலர் நடைப்பொறியை முதன்முதலாகக் கண்டது டி.எம்.டி. பரிசோதனை அறையில்தான். மார்பில் ஒயர்களை ஒட்டி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, “இன்னும் முடிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர இதய மருத்துவர் இராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்தளித்த முறை அது. இதயத்தை அதன் எல்லை வரை கொண்டு சென்று, அங்கே குறை தென்படுகிறதா என்று பார்ப்பதே அச்சோதனையின் நோக்கம். எனவே அது எளிதாக இராது.

வீட்டுப் பயிற்சியின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. எல்லைக்குப் போகாமல், எல்லைக்குள் நெடுநேரம் இருந்து பழகுவதே பயிற்சி. “டி.எம்.டி.யில் மூச்சு வாங்கியது, ஆகவே எனக்கு அந்தப் பொறியே ஒவ்வாது” என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

சலிப்பு என்பதும் கற்பனையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளைச் சுழலும் படிக்கட்டு உருளையில் மணிக்கணக்கில் மிதிக்க வைத்தனர். 1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் வடிவமைத்த தண்டனைக் கருவி அது. நம் நாட்டில் கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கும் அத்தகையதே. உழைப்பின் கடுமையோடு, எங்கும் போய்ச் சேராத சுற்றின் வெறுமையும் சேர்ந்தே அவற்றைத் தண்டனையாக்கின. ஆகவே நடைப்பொறியில் ஏறுபவருக்கு நாள்தோறும் ஒரு மாற்றமும், போய்ச் சேர ஓர் இலக்கும் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் அதே பொறி இனிமையாகிவிடும்.

ஏறுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டியோர்

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைக்கப்பட்டவர், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர், இதயம் பலவீனமானவர், நடந்தால் நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வருபவர், பக்கவாதத்திலிருந்து மீள்பவர், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர், நீரிழிவால் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர் ஆகியோர் மருத்துவர் அனுமதியின்றித் தொடங்கலாகாது. ஓய்விலேயே இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருப்பவர் முதலில் அதனைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாள்களில் பயிற்சிக்கு விடுமுறை அளிக்கவும்.

அச்சத்தைப் போக்கும் முதல் மாதம்

முதல் நாள் பொறியை ஓட விடாமல் அதன்மேல் ஏறி நின்று பழகுக. நிறுத்தும் பொத்தான் எங்குள்ளது, பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் எவ்வாறு மாட்டுவது என்பவற்றைக் குடும்பத்தார் ஒருவர் காட்டித் தர வேண்டும். அச்சாவியை மாட்டியிருந்தால், கால் தடுமாறிப் பின்னே சென்றாலும் பட்டை உடனே நின்றுவிடும். பட்டையின் இரு ஓரப் பலகைகளிலும் கால்களை வைத்து நின்று, பட்டை மெதுவாக ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். ஓடும் பட்டையின்மேல் நேராகத் தாவி ஏறுவதே பல வீழ்ச்சிகளுக்குக் காரணம்.

இதற்கு முன் உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர் பின்வரும் அளவைப் பின்பற்றலாம்:

• முதல் வாரம்: மணிக்கு 2 முதல் 2.5 கி.மீ. வேகம், நாளுக்கு இருமுறை, முறைக்கு 5 நிமிடம்.
• இரண்டாம் வாரம்: மணிக்கு 3 கி.மீ.; நாளுக்கு இருமுறை, முறைக்கு 10 நிமிடம்.
• மூன்றாம் வாரம்: மணிக்கு 3.5 கி.மீ.; ஒரேயடியாக 20 நிமிடம்.
• நான்காம் வாரம்: மணிக்கு 4 கி.மீ.; 25 முதல் 30 நிமிடம்.

முதலில் நேரத்தைக் கூட்டுக. அதன்பின் வேகத்தைக் கூட்டுக. இரண்டையும் ஒரே நாளில் கூட்ட வேண்டா. ஒரு வாரத்து அளவு கடினமாகத் தோன்றினால் அதே வாரத்தை மறுமுறை செய்வதில் குறையொன்றும் இல்லை. முதல் ஐந்து நிமிடமும் இறுதி ஐந்து நிமிடமும் மெதுநடையாகவே இருக்கட்டும். விரைந்து நடந்துவிட்டுச் சட்டென நின்றால், கால் தசைகளில் தேங்கிய இரத்தம் மேலேறத் தாமதமாகும், தலைசுற்றும். அழுத்த மாத்திரை உட்கொள்பவர்க்கு இது மிகுதி. இறங்கியவுடன் தரை நகர்வது போன்ற உணர்வு சிலருக்கு ஏற்படும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை; கைப்பிடியைப் பற்றி ஒரு நிமிடம் நின்றால் தணிந்துவிடும்.

சரியான வேகம் எது?

திரையில் தெரியும் எண்ணைவிட உங்கள் மூச்சே நம்பகமான அளவுகோல். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. மற்றுமோர் எளிய கணக்கும் உண்டு. பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிகள் என்பது மிதமான நடை. பதினைந்து விநாடிகளில் இரு கால்களும் சேர்ந்து 25 அடி வைத்தால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். முதியோருக்கு இதற்குக் குறைந்த நடையிலேயே மூச்சு விரையக்கூடும். அவர்கள் பேச்சு அளவையே பின்பற்றுக.

மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் நாடித்துடிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டா. எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு வழக்கம்போல் உயராதவாறு அம்மாத்திரைகள் தடுக்கின்றன. ‘இன்னும் 130-ஐத் தொடவில்லையே’ என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது தீங்கு விளைக்கும்.

திரையில் தோன்றும் கலோரிக் கணக்கையும் அப்படியே நம்பலாகாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடல் எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்கிறது, உழைப்பு குறைகிறது. பொறி அதனை அறியாமல் முழுக் கணக்கையே காட்டும். அக்கணக்கை நம்பி இரண்டு வடை கூடுதலாக உண்டால் நட்டம் நமக்கே. சமநிலை குன்றியோர், முதியோர் கைப்பிடியைப் பற்றுவதில் தவறில்லை. பற்றிக்கொண்டே வேகத்தைச் சற்றுக் குறைத்து நடக்கட்டும். மற்றவர் கைகளை வீசி, நிமிர்ந்து, பத்தடி தொலைவில் பார்வையை நிறுத்தி நடக்க வேண்டும்.

சலிப்பை வெல்லும் ஐந்து வழிகள்

*1. ஏற்றம்.* வேகத்தைக் கூட்டாமலேயே உழைப்பைக் கூட்டும் வழி இது. ஐந்து சதவீத ஏற்றம் என்றால் நூறு மீட்டர் நடக்கையில் ஐந்து மீட்டர் உயர்வதற்கு ஒப்பு. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடப்பவர் அதே வேகத்தில் ஐந்து சதவீத ஏற்றத்தில் நடந்தால், உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. ஓட முடியாதவர், ஓடக் கூடாதவர், அதிர்வைத் தாங்காத மூட்டு உடையவர் ஆகியோருக்கு இது பெரும் வாய்ப்பு. ஒரு சதவீதத்தில் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து வரை ஏறி, அவ்வாறே இறங்கி வந்தால் இருபது நிமிடம் போனதே தெரியாது. குதிகால் வலி, ஆடுதசைப் பிடிப்பு உள்ளவர் மட்டும் ஏற்றத்தை இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்க.

*2. மாற்று நடை.* மூன்று நிமிடம் விரைவாகவும் அடுத்த மூன்று நிமிடம் மெதுவாகவும் நடப்பது இம்முறை. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோஸே குழுவினர் நடுத்தர வயதினரையும் முதியோரையும் கொண்டு இதனை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள் அல்லது அதற்கு மேல், ஐந்து மாதம் செய்தவர்களுக்கு, ஒரே சீராக நடந்தவர்களைவிடத் தொடை வலிமையும் மூச்சுத் திறனும் மிகுதியாக உயர்ந்தன. இரத்த அழுத்தமும் கூடுதலாகத் தணிந்தது. டென்மார்க்கில் நீரிழிவாளர்களிடம் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வும் இத்தகைய மாற்று நடை சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு உதவுவதைக் காட்டியது. இம்முறையின் மற்றொரு நன்மை, நேரம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்துவிடுவது. அரைமணி நேரத்தை நினைத்தால் மலைப்பு. மூன்று நிமிடத்தை நினைத்தால் மலைப்பில்லை.

*3. பாட்டும் கதையும்.* நடையின் தாளத்துக்கு ஒத்த பாடல் உழைப்பின் சுமையை மறக்கச் செய்கிறது. மெதுநடைக்கு மெல்லிசையும் விரைவு நடைக்குத் துள்ளல் பாட்டுமாக அரைமணிக்கு ஒரு வரிசை அமைத்துக்கொள்ளலாம். விருப்பமான ஒலிக்கதையையோ தொடரையோ நடைப்பொறியில் மட்டுமே கேட்பது என்று விதி வகுத்துக்கொள்வது மற்றொரு வழி. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று வைத்தபோது, தொடக்கத்தில் அங்கு வருவோரின் வருகை நன்கு கூடியது. நாள் செல்லச் செல்ல அவ்விளைவு மங்கியது. எனவே கதையை அவ்வப்போது மாற்றுவது நன்று. கைப்பேசியைக் கையில் ஏந்திப் படித்துக்கொண்டு நடப்பது மட்டும் வேண்டா. கவனம் சிதறிக் கால் தவறும்.

*4. போய்ச் சேரும் ஊர்.* சுவரில் ஒரு தாளை ஒட்டி, நாள்தோறும் நடந்த தொலைவைக் குறித்து வருக. அரைமணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பத்து கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஐந்தே வாரத்தில் மீனாட்சியம்மன் கோயில் வாசலை எட்டிவிடலாம். அங்கிருந்து அடுத்த ஊருக்குப் புறப்படுக. இருக்கன்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பாதயாத்திரை செல்ல எண்ணும் நீரிழிவாளரும் இதயநோயாளரும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே இவ்வாறு கால்களைப் பழக்கிக்கொண்டு, மருத்துவரின் ஒப்புதலோடு புறப்படுவது அறிவுடைமை.

*5. வாரத்துக்கு ஓர் அட்டவணை.* நாளுக்கொரு முறை என்று வகுத்துக்கொண்டால் மனம் சோர்வுறாது. முதல் மாதம் நிறைவு செய்தோர்க்கு ஒரு மாதிரி:

• திங்கள்: சீரான நடை, 30 நிமிடம்.
• செவ்வாய்: ஏற்ற நடை, 25 நிமிடம்.
• புதன்: நடைக்கு ஓய்வு, நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்ற தசைப் பயிற்சி.
• வியாழன்: மாற்று நடை, 30 நிமிடம்.
• வெள்ளி: சீரான நடை, 30 நிமிடம்.
• சனி: விருப்பம்போல், பாட்டுக்கேற்ற நடை, 35 நிமிடம்.
• ஞாயிறு: ஓய்வு, அல்லது வெயில் தாழ்ந்தபின் குடும்பத்துடன் வெளியே உலாவுதல்.

ஓட விரும்புவோர்க்கு

ஓட்டம் கட்டாயமன்று. மணிக்கு 5.5 கி.மீ. வேகத்தில் அரைமணி நேரம் நெஞ்சு வலியோ மூட்டு வலியோ இன்றி நடக்க முடிந்தவர் மட்டும் ஓட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். இதயநோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறி ஆறு சுற்று தொடக்கத்துக்குப் போதும். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ஓட வேண்டா, இடைநாள்களில் நடக்கட்டும். நீண்ட அடிகளைத் தவிர்த்து, உடலுக்கு நேர்கீழே விழும் குறுகிய, விரைந்த அடிகளை வைத்தால் முழங்காலுக்கு அதிர்வு குறையும். உடல் எடை மிகுந்தவர்க்கும் மூட்டுத் தேய்மானம் உடையவர்க்கும் ஓட்டத்தைவிட ஏற்ற நடையே உகந்தது.

நீரிழிவாளர் கருத வேண்டியவை

இன்சுலின் போடுபவரும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும் தொடங்குமுன் சர்க்கரையைப் பார்ப்பது நன்று. அளவு 100-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ உண்டு சற்றுப் பொறுத்து ஏறுக. 250-க்கு மேல் இருந்து உடல்நலமும் சரியில்லை என்றால் அன்று நடக்காமல் மருத்துவரை அணுகுக. நடக்கும் வேளையில் தொடையில் இன்சுலின் போட்டால் அது விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றில் போடுவது மேல்.

தாழ்சர்க்கரையின் முதல் அறிகுறி வியர்வை. நடைப்பொறியில் எல்லாருக்கும் வியர்க்கும் ஆதலால் அவ்வறிகுறி மறைந்துபோகும். ஆகவே கை நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகுக. சர்க்கரைப் பொட்டலம் ஒன்று பொறியின் அருகிலேயே இருக்கட்டும்.

வெறுங்காலுடன் நடைப்பொறியில் ஏறவே கூடாது. பட்டையின் உராய்வால் வெப்பம் உண்டாகிக் கொப்புளம் வரும். உணர்ச்சி குன்றிய பாதம் அதனை அறிவிக்காது. பருத்திக் காலுறையும், விரல்களை நெருக்காத காலணியும் அணிக. நடந்து முடித்தபின் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும். பார்வை குன்றியவர்க்குக் குடும்பத்தார் பார்த்துச் சொல்லவும். இரவு உணவுக்குப்பின் பதினைந்து நிமிட மெதுநடை, உணவால் ஏறும் சர்க்கரையைத் தணிக்க நன்கு உதவும். வயிறு நிறைய உண்டவுடன் விரைவு நடை மட்டும் கூடாது. நெஞ்சுவலி உடையவர்க்கு அது தீங்கு.

வீட்டுக்குள்ளும் வெக்கை உண்டு

சாலையில் நடப்பவரின் உடலை எதிர்க்காற்று குளிர்விக்கிறது. நடைப்பொறியில் நின்ற இடத்திலேயே நடப்பதால் அக்காற்று இல்லை. வியர்வை உலராமல் உடற்சூடு ஏறுகிறது. வெயில் காய்ந்த மொட்டைமாடித் தளத்தின் கீழுள்ள அறை மாலையிலும் சூடாகவே இருக்கும். எனவே கோடையில் விடியற்காலையோ இரவோ நடக்கவும்; முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறியை வைக்கவும்; இடையிடையே சிறிது தண்ணீர் பருகவும். நீரின் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் அவ்வளவுக்குள்ளேயே பருக வேண்டும். இரத்த அழுத்தம் உடையோர் வியர்வைக்கு ஈடு என்று உப்புக் கலந்த நீரைப் பருக வேண்டா.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் அன்பினால் பொறியை வாங்கி அனுப்பிவிடுகின்றனர். ‘இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமே, ஏற மாட்டேன் என்கிறீர்களே’ என்று கடிந்துகொண்டால் பெற்றோருக்கு அப்பொறி ஒரு குற்றச்சாட்டாகவே தோன்றும். அவர்களுடைய தயக்கத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் விழுந்துவிடும் அச்சமே. முதல் இரண்டு வாரம் யாரேனும் ஒருவர் பக்கத்தில் நிற்பது எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும். தொலைவில் இருப்போர் அந்த வேளையிலேயே தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சும் துணையாகும், அப்பாவோ அம்மாவோ பேச முடியும் வேகத்தில்தான் நடக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

சேலை முந்தானை, வேட்டி, துப்பட்டா ஆகியவை பட்டையில் சிக்கக்கூடும். கணுக்காலுக்கு மேல் நிற்கும், தளர்ந்து தொங்காத உடை வேண்டும். பொறியின் பின்புறம் சுவரோ கட்டிலோ இல்லாமல் ஆறடி இடம் விடுக. நில இணைப்புள்ள தனி மின்முனையில் மட்டும் இணைக்கவும். மின்சாரம் சட்டெனத் தடைப்பட்டால் பட்டையும் நின்றுவிடும். அவ்வேளை பதறாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று முன்னரே சொல்லி வைக்கவும். குழந்தைகள் உள்ள வீட்டில் பயன்படுத்தியபின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் வைப்பது கட்டாயம். ஓடும் பட்டையில் பிஞ்சு விரல்கள் சிக்கினால் தோல் உரிந்து ஆழமான காயமாகும்.

உடனே நிறுத்த வேண்டிய வேளை

நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ, அது தோள், இடக்கை, தாடை ஆகியவற்றுக்குப் பரவுதல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், கண் இருட்டல், தாறுமாறான படபடப்பு, குளிர்ந்த வியர்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் பொறியை நிறுத்தி அமருக. நாவின் அடியில் வைக்கும் மாத்திரை முன்னரே பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அமர்ந்த நிலையில் அதனை வைத்துக்கொள்க. ஐந்து நிமிடத்தில் தணியாவிடில் 108-ஐ அழைக்கவும். ‘வாயுக் கோளாறாக இருக்கும்’ என்று சோடா குடித்துக் காத்திருப்பதால் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பே. தணிந்துவிட்டாலும் அடுத்த நடைக்கு முன் மருத்துவரைக் காண்க.

பொறி இல்லாதோர்க்கு

இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கடன்பட்டு நடைப்பொறி வாங்க வேண்டியதில்லை. வீட்டு முற்றமும், மொட்டைமாடியும், பள்ளித் திடலும் போதும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அடையாளங்காணப்பட்டுள்ளது. மேலே கூறிய பேச்சு அளவு, மாற்று நடை, தொலைவுக் குறிப்பு ஆகிய அனைத்தும் வெளி நடைக்கும் பொருந்தும். பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் மட்டும் முள்ளும் கல்லும் இல்லாத தளத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வருகையில் மருந்துச் சீட்டோடு உங்கள் நடைக் குறிப்பையும் கொண்டு வருக. எத்தனை நாள் நடந்தீர்கள், எந்த வேகத்தில் மூச்சு வாங்கியது, எந்த நாளில் வலி தோன்றியது என்பவை அதில் இருந்தால் போதும். மாத்திரையின் அளவை முடிவு செய்வதற்கு இரத்தப் பரிசோதனை முடிவு உதவுவதைப் போலவே, உங்கள் இதயத்தின் திறனை அறிய அந்த ஒரு தாள் எங்களுக்கு உதவும்.